கீழூரில் விழுந்த 178 வாக்குகளும் நம் வீட்டுப் பிள்ளைகளின் ஒரு வாக்கும்



சென்ற மாதம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வாக்குச்சாவடி நிலை அலுவலர் நம் குடியிருப்புக்கு வந்திருந்தார். பாவம், வெயிலில் வந்தவர் வாசல் காவலாளியிடம் கால் மணி நேரம் நின்றிருக்கிறார். தற்செயலாகப் பால் வாங்கக் கீழே இறங்கியவன் அவரை உள்ளே அழைத்து வந்து, வீடு வீடாகக் கூடவே போனேன். பெரியவர்கள் பெயரெல்லாம் அநேகமாகச் சரியாக இருந்தது. ஆனால் பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில்தான் "இன்னும் சேர்க்கல சார்", "அவன் பெங்களூர்ல படிக்கிறான் சார்", "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது.

மூன்றாவது மாடியில் ஒரு கல்லூரி மாணவி நேராகவே கேட்டுவிட்டாள். "அங்கிள், என் ஒரு ஓட்டால என்ன ஆயிடப் போகுது?"

சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. முப்பத்தைந்து வருடம் வங்கியில் ஒரு ரூபாய் இடித்தால்கூட இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து கணக்கை நேர் செய்தவன் நான். ஒன்றின் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் அதை அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து யோசித்தேன். நம் ஊரின் கதையைச் சொன்னாலே போதும் என்று தோன்றியது. இந்த வாய்ப்பை எனக்குத் தந்த செய்திமடல் குழுவுக்கு நன்றி.

கடலூரில் இல்லாத ஓட்டு

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி என்றால் நம் நினைவுக்கு வருவது மஞ்சள் சுவர்கள், சிவப்புத் தொப்பிக் காவலர்கள், கடற்கரைச் சாலை. வெளியூர் விருந்தினரையும் அதைக் காட்டத்தான் அழைத்துப் போகிறோம். இந்த ஊர் இந்தியாவிலேயே மிகப் பழைய தேர்தல் ஊர்களில் ஒன்று என்பதை மட்டும் யாரும் காட்டுவதில்லை.

1848-ல் பிரான்சில் புரட்சி நடந்து குடியரசு வந்தபோது, ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை என்ற சட்டம் இங்கும் நீட்டிக்கப்பட்டது. அது நிலைக்கவில்லை. பிறகு 1871-ல், பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் பிரெஞ்சிந்தியாவிலிருந்து ஒரு உறுப்பினரை அனுப்பும் உரிமை திரும்பி வந்தது. இருபத்தோரு வயது நிரம்பிய ஆண் வாக்களிக்கலாம். வேட்டி கட்டியவரும், கோயிலுக்குப் போகிறவரும், மசூதிக்குப் போகிறவரும் வாக்காளர்தான்.

அந்த வருடத்தில் எல்லை தாண்டிக் கடலூருக்குப் போனால் ஓட்டு என்ற பேச்சே கிடையாது. சென்னை மாகாணத்தில் பொதுமக்கள் நேரடியாக வாக்களித்துச் சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்பியது 1920-ல். அதிலும் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு. ஆக அரை நூற்றாண்டு நாம் முந்தி நின்றோம்.

1879-ல் பொது ஆலோசனைச் சபை வந்தது. 1880-ல் கொம்யூன்கள் பிரிக்கப்பட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றங்கள் வந்தன. நம் கடற்கரையில் இருக்கும் மேரி கட்டடம் அந்த நகர நிர்வாகத்தின் வீடு.

ஒரே ஊர், மூன்று பட்டியல்

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் பற்றுப் பக்கமும் உண்டல்லவா?

பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞரின் பெயரைப் பழைய புதுச்சேரிக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1873-ல் அவர் ஐரோப்பியரைப் போல ஷூ அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார் என்பதற்காக வெளியேற்றப்பட்டார். அந்நாளில் இந்தியர்கள் அப்படி வரக் கூடாது. அவர் விடவில்லை. பாரிஸில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். 1881-ல் ஒரு புதிய சட்டம் வந்தது. தம் மத, சாதி வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். இவர்களை ரெனோன்சான் என்றார்கள். துறந்தவர்கள் என்று பொருள். பொன்னுத்தம்பிப் பிள்ளையும் துறந்து, லபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். நம் ஊர் லபோர்த் வீதி உங்களுக்குத் தெரியும்.

சட்டத்தைத் துறந்தால் சமமாகிவிடலாம் என்று அவர்கள் நம்பினார்கள். ஆனால் 1884-ல் வாக்காளர் பட்டியலையே மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஐரோப்பியர் ஒரு பட்டியல், ரெனோன்சான் ஒரு பட்டியல், மற்ற இந்தியர் எல்லோரும் ஒரு பட்டியல். எண்ணிக்கையில் மிகச் சிறியவர்களான ஐரோப்பியருக்கு உள்ளூர் மன்றங்களில் தனி இடங்கள். 1899-ல் மூன்று பட்டியல் இரண்டாயிற்று. ஆனாலும் ஒரு பட்டியலில் உள்ளவரின் ஓட்டு எடை கூடவும், இன்னொரு பட்டியலில் உள்ளவரின் ஓட்டு எடை குறையவும் இருந்த அநியாயம் தொடர்ந்தது.

இதில் இன்னொரு சிக்கல். பாரிஸ் நாடாளுமன்ற உறுப்பினர் தேர்தலில் எல்லா ஓட்டும் ஒன்றுதான். எனவே பெரும்பான்மை இந்தியர் ஓட்டை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவர் சொன்னவர்தான் ஜெயிப்பார். நாடு சண்முக வேலாயுத முதலியார் என்ற தலைவர் 1880-களிலிருந்து இருபது வருடங்களுக்கும் மேலாக அந்தச் சாவியைக் கையில் வைத்திருந்தார். வேட்பாளர்களோ பெரும்பாலும் பாரிஸ்காரர்கள்.

1914 மார்ச் 29-ல் அன்னை முதன்முறையாகப் புதுச்சேரிக்கு வந்ததை நாம் அறிவோம். உடன் வந்த அவர் கணவர் போல் ரிஷார் அந்த ஆண்டுத் தேர்தலில் இங்கே வேட்பாளராக நின்றார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் தோற்றார். ஜெயித்தவர் போல் புளூய்சேன். அரவிந்தரும் பாரதியாரும் அப்போது இந்த ஊரில்தான் இருந்தார்கள். அவர்கள் கண் முன்னால் நடந்த தேர்தல்கள் அவை.

அந்தக் காலத் தேர்தல் என்றால் தடி, கள், பணம். வாக்குச்சாவடி வாசலில் அடியாட்கள் நிற்பார்கள். செத்தவர்களும் எழுந்து வந்து ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு இருந்தது, ஆனால் போடுகிறவன் கையில் இல்லை.

அப்பாவின் ஓட்டு

1945-ல் பட்டியல் பிரிவினை ஒழிந்தது. பெண்களுக்கும் ஓட்டு வந்தது. ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே பட்டியல். ஆண்களுக்கு ஓட்டு கிடைத்த 1871-க்கும் நம் பாட்டிமார்களுக்குக் கிடைத்த 1945-க்கும் இடையே 74 வருடங்கள்.

1947-ல் இந்தியா சுதந்திரம் அடைந்தது. நாம் அடையவில்லை. 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஒரு முடிவுக்கு வந்தன: பிரெஞ்சிந்திய மக்கள் எங்கே இருக்க விரும்புகிறார்கள் என்பதை மக்களே வாக்களித்துச் சொல்லட்டும். வங்காளத்தில் இருந்த சந்திரநாகூரில் 1949 ஜூன் 19-ல் அந்த வாக்கெடுப்பு நடந்தும் விட்டது. இந்தியாவோடு சேர 7,473 பேர், எதிராக 114 பேர். முடிந்தது கதை.

புதுச்சேரியில் அப்படி நடக்கவில்லை. அதற்கு முன்னோட்டமாக 1948 அக்டோபரில் நடந்த நகரமன்றத் தேர்தலே அடிதடியோடு நடந்தது.

என் அப்பாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தேர்தலில் வாக்குச்சாவடிக்குப் போனாராம். "உன் ஓட்டு காலையிலேயே விழுந்துடுச்சு, வீட்டுக்குப் போ" என்றார்களாம். வாசலில் தடியோடு நின்றவர்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிட்டார். இதை அவர் எங்களிடம் சொன்னபோதெல்லாம் குரலில் கோபம் இருக்காது. ஒரு வெட்கம்தான் இருக்கும்.

1951-ல் நடுநிலை நாடுகளைச் சேர்ந்த பார்வையாளர்கள் இங்கு வந்து நிலைமையைப் பார்த்தார்கள். சுதந்திரமான வாக்கெடுப்பு நடத்தும் சூழ்நிலை இங்கில்லை என்பதே அவர்கள் அறிக்கையின் சாரம். வாக்காளர் பட்டியலே சரியில்லை என்பது அதில் ஒரு முக்கியக் காரணம். இதை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஒரு ஊரின் தலைவிதியைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பு தள்ளிப்போனதற்கு, பட்டியல் சரியில்லாததும் ஒரு காரணம். பட்டியல் என்பது வெறும் காகிதம் இல்லை.

கீழூர்

பிரான்சின் 1946 அரசியல் சட்டப்படி, மக்கள் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது. பொது வாக்கெடுப்போ நடக்கவில்லை. 1954-ல் போராட்டம் முற்றியது. நகர மன்றங்களே இணைப்புத் தீர்மானம் நிறைவேற்றின. ஏனாமும் மாஹேயும் அந்த ஜூன், ஜூலையில் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போயின. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மக்கள் எல்லோரும் வாக்களிக்க முடியாவிட்டால், மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வாக்களிக்கட்டும்.

1954 அக்டோபர் 18. மங்கலம் பக்கத்தில் இருக்கும் கீழூர் என்ற சிற்றூர். பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரமன்ற உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று வாக்களித்தார்கள். எட்டுப் பேர் எதிர்த்தார்கள். மூன்றாம் நாள், அக்டோபர் 21-ல் டில்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1956 மே 28-ல் இணைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் நாம் இந்தியா ஆனோம். அதனால்தான் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16-ல் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுகிறார்கள்.

இப்போது அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். லட்சக்கணக்கான மக்களின் நாடு எது என்பதை 178 பேர் முடிவு செய்தார்கள். அந்த 178 பேரை யார் அங்கே அனுப்பினார்கள்? அதற்கு முன் நடந்த உள்ளூர்த் தேர்தல்கள். தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் என்று நினைத்துப் போட்ட ஓட்டு, அல்லது போடாமல் விட்ட ஓட்டு, ஒரு நாள் தேசத்தைத் தீர்மானிக்கும் ஓட்டாக மாறிவிட்டது. ஓட்டுப் போடும் நாளில் யாருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அப்பா சொல்வார்: "இணைஞ்சது நல்லதுதான். ஆனா கீழூருக்குப் போனவங்கள்ல நான் ஓட்டுப் போட்ட ஆள் ஒருத்தர்கூட இல்ல. என் பேர்ல எவனோ போட்ட ஓட்டுதான் போச்சு."

1955-ல் புதிய பிரதிநிதித்துவ சபைக்கு 39 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. அப்பா தன் கையால் போட்ட முதல் ஓட்டு அதுதான். அதன்பிறகு அவர் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. விடியற்காலை குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, சாவடி திறக்கும் முன்பே வரிசையில் நிற்பார். 1963-ல் அந்தச் சபை சட்டமன்றமாக மாறி, எதுவார் குபேர் முதலமைச்சரானார். 1964-ல் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல். மக்களவைக்கு நாம் ஒரு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது 1967-ல்.

என் கணக்கில் ஒரு பாக்கி

நான் முதலில் ஓட்டுப் போட்டது 1980 ஜனவரியில். அப்போது இருபத்தோரு வயது ஆக வேண்டும். பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருந்த காலம். அப்பாதான் எழுப்பி அழைத்துப் போனார். பதினெட்டு வயதில் ஓட்டு என்பது 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் 1989-ல் வந்தது. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் என் தம்பி பத்தொன்பது வயதில் ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு எனக்கு வெளியூர் மாற்றல் வந்தது. அங்கே பட்டியலில் பெயர் சேர்க்கவில்லை. தேர்தல் நாளில் இங்கே வரவும் இல்லை. இப்படியே மூன்று தேர்தல் போயிற்று. காரணம் வேறொன்றும் இல்லை, ஒரு படிவம் நிரப்பச் சோம்பல். கவுண்டருக்கு வரும் பெரியவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்த கை இது! அப்பா ஒருமுறை தொலைபேசியில் "ஓட்டுப் போட்டியா?" என்று கேட்டார். "லீவு கிடைக்கலப்பா" என்று பொய் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார். அந்தப் பாக்கி இன்றுவரை என் கணக்கில் நிற்கிறது. உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அதனாலேயே சொல்கிறேன்.

பின்னாளில் தேர்தல் பணிக்கு வாக்குச்சாவடி அலுவலராகப் போனேன். விரலில் மை வைக்கும் வேலை. கோலூன்றி வந்த பாட்டிகள் கையை நீட்டும்போது அப்பா நினைவு வரும். பட்டியலில் அடையாளம் போடாத பெயர்களைப் புரட்டிப் பார்த்தால், அதில் பல இருபது வயதுக்காரர்கள்.

ஒரு ஓட்டு, நாற்பத்தொன்பது ஓட்டு

புதுச்சேரியில் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் வாக்குப்பதிவு குறைவில்லை. ஐந்தில் நான்கு பேர் வாக்களிக்கும் ஊர் இது. ஆனால் நம் தொகுதிகள் சிறியவை. சுமார் பத்து லட்சம் வாக்காளர்கள், முப்பது தொகுதிகள். தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் பேர். தமிழ்நாட்டுத் தொகுதிகளில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அங்கேயே 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. 2021-ல் தியாகராய நகரில் 137 ஓட்டு. 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி.ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். 49 ஓட்டு என்பது நம் குடியிருப்பில் இரண்டு பிளாக். அவ்வளவுதான்.

யாருக்குப் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நம் சங்கத்துக்குக் கட்சி கிடையாது. யாரும் பிடிக்காவிட்டால் 2013-லிருந்து நோட்டா இருக்கிறது. என் அப்பாவுக்கு நேர்ந்ததுபோல உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால், திரும்பி வர வேண்டியதில்லை. உங்கள் அடையாளத்தை நிரூபித்துச் சாவடியிலேயே வாக்குச்சீட்டு கேட்டு வாங்கலாம். 'சர்கார்' படம் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த 49-பி விதி தெரிந்திருக்கும். 1948-ல் அப்பாவுக்கு இல்லாத வசதி இது.

செய்ய வேண்டியது

இப்போது வருடத்தில் நான்கு தகுதி நாட்கள் உண்டு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. அந்த நாளில் பதினெட்டு நிரம்பினால் போதும். பதினேழு நிரம்பியவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

புதிதாகச் சேர படிவம் 6. வீடு மாறியவர்களுக்கும் பிழை திருத்தவும் படிவம் 8. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ, செயலியிலோ செய்யலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பெற்றோர் வீட்டு முகவரியிலோ, விடுதி முகவரியிலோ சேரலாம். ஆனால் ஏதாவது ஓரிடத்தில் மட்டும். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது குற்றம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை சங்க அலுவலகத்தில் நான் இருப்பேன். வயதுச் சான்று, முகவரிச் சான்று, ஒரு புகைப்படம் கொண்டு வந்தால் உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கிறேன். பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் படிவத்தை நீங்கள் நிரப்பிவிடாதீர்கள். அவர்களையே அனுப்புங்கள். காவலாளித் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்தால் வாசலில் நிறுத்தாதீர்கள்.

இந்தக் கதையைச் சுருக்கமாக அந்த மூன்றாவது மாடி மாணவியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "சரி அங்கிள், அந்தக் காலத்துல முனிசிபல் எலெக்‌ஷன்ல ஜெயிச்சவங்கதானே கீழூருக்குப் போனாங்க. இப்ப நம்ம ஊர்ல அந்த எலெக்‌ஷன் எப்ப?" என்றாள்.

1968-ல் நடந்தது. அடுத்து 38 வருடம் கழித்து 2006-ல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2011-ல் முடிந்தது. அதற்குப் பிறகு, இதை எழுதும்வரை நடக்கவில்லை. 2014 மழையில் இடிந்த மேரி கட்டடம்கூட 2021-ல் புதிதாக எழுந்து நிற்கிறது. 1880-ல் நம் கொள்ளுத் தாத்தாக்களுக்குக் கிடைத்த நகரமன்ற ஓட்டு அந்தப் பெண்ணுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

எப்போது என்று அவளுக்கு என்னால் சொல்ல முடியவில்லை. "கேட்கிற உரிமை ஓட்டுப் போடறவங்களுக்குத்தாம்மா அதிகம்" என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அனுப்பிவையுங்கள்.